பிரமநாயகம் எடுத்த படங்கள்

ஜனவரி 6, திங்கள்

பொருநை ஒளிப்படக் குழுவில் இன்று போட்டி தொடங்கிவிட்டது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு தலைப்பு. திங்கட்கிழமை காலையில் மரியசெல்வம் தலைப்பைச் சொல்வார். ஞாயிறு இரவுக்குள் ஆளுக்கு ஒரு படம் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். அந்த வாரத்திலேயே எடுத்ததாக இருக்க வேண்டும், பெட்டியில் கிடக்கும் பழைய படத்தைத் தூசி தட்டிப் போடக் கூடாது. இந்த மரியசெல்வம் வண்ணார்பேட்டையில் பல் டாக்டர். பல் பிடுங்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மீன்கொத்திக்குப் பின்னால் அலைகிறவர்.

என் வீட்டுக்காரர், பிரமநாயகம், நவம்பரிலேயே பெயர் கொடுத்துவிட்டார். அப்போது இவருக்கு நல்ல நாட்கள் அதிகம். முதல் தலைப்பு 'கதவு'. கேமராவை எடுத்து இவர் மடியில் வைத்து, உங்கள் குழுவில் தலைப்பு வந்திருக்கிறது என்றேன். லென்ஸ் மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். நான் சாம்பார் தாளித்து, துணி காயப்போட்டு, பால்காரனோடு சண்டையும் போட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு படம் எடுத்த மனுஷன். நான் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

பூனாவிலிருந்து நயினார் பேசினான். என் ஒரே மகன், நல்லவன்தான், ஆனால் எதையும் ஒரு முடிவோடுதான் பேச ஆரம்பிப்பான். கோயம்புத்தூரில் மறதிக்காரர்களுக்கென்றே ஒரு இல்லம் இருக்கிறதாம். நர்ஸ் இருக்கிறார்களாம், தோட்டம் இருக்கிறதாம். அப்பாவை அங்கே விட்டுவிட்டு நீ என்னோடு வந்துவிடு என்கிறான். அப்பாவை விட்டுவிட்டு! குடையை விட்டுவிட்டு வா என்கிற மாதிரி.

"அப்பா நல்லாத்தான்டா இருக்காவ. போட்டியில கலந்துக்கிடுதாவ, படம் எடுக்கப் போறாவ" என்று சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் எடுக்கிற படத்தை எனக்கும் அனுப்பு, வாரம் தவறாமல் படம் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் இல்லத்தைப் பற்றிப் பேச மாட்டேன் என்றான்.

இவரைக் கட்டிலுக்கு நம்பர் போட்ட இடத்தில் விட மாட்டேன். என் உயிர் இருக்கிறவரை மாட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

எடுத்துவிட்டேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கேமரா தலையில் இருக்கிற சக்கரத்தை 'ஆட்டோ' என்ற எழுத்துக்குத் திருப்பிவிட்டால் அதுவே எல்லாம் பார்த்துக்கொள்கிறது. மீனாட்சிபுரத்தில் எங்கள் தெருமுனைக் கோழிக்கடை ஷட்டர் ஒரு முழம் மட்டும் தூக்கியிருந்தது. அதற்கு அடியில் உள்ளே போய்க்கொண்டிருந்த பூனையின் வால் மட்டும் வெளியே. இவருடைய போனிலிருந்து இவர் பெயரில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஆளாளுக்குப் பாராட்டு. "அண்ணாச்சி பழையபடி வந்துட்டாவய்யா" என்று காஜா குரல் செய்தி போட்டிருந்தார். காஜா மேலப்பாளையத்துக்காரர், துபாயில் பல வருஷம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். போன் வழியாகவே இவரை அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றிக்கொண்டிருந்தவர்.

அதே படத்தை நயினாருக்கும் அனுப்பினேன். 'சூப்பர் அப்பா' என்று பதில் வந்தது. ஒரு வாரம் பிழைத்தோம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. யார் வீட்டு விசேஷம் என்று கேட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

தலைப்பு 'சிவப்பு'. குறுக்குத்துறை ஆற்றுப் படியில் காயப்போட்டிருந்த ஒரு சேலையை எடுத்தேன். போக வர ஒரு மணி நேரம்தான். கேஸை மூடிவிட்டு, முன்பக்கக் கம்பிக்கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். அவளா வந்து இவருக்குக் கால் கழுவிவிடப் போகிறாள்.

ஜனவரி 23, வியாழன்

குளிக்க வர மாட்டேன் என்று அடம். வேட்டி நனைந்து நாறுகிறது, அவிழ்க்க விடவில்லை. என் முகத்தில் துப்பினார். கையைப் பிடித்து இழுத்ததில் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்துவிட்டன. அதற்குப் பிறகு என் கையும் நீண்டுவிட்டது. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

சாயங்காலம் ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன். நன்றாகச் சாப்பிட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

வாரத்தின் படம் எங்களுடையது!

தலைப்பு 'காத்திருப்பு'. எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியிருந்தார்கள். நான் ஆட்டுக்கறிக் கடை வரிசையை எடுத்தேன். பையோடு பத்துப் பேர் நிற்கிறார்கள். ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் நடுவில் ஒரு நாய், தன் முறை வரட்டும் என்கிற மாதிரி அமைதியாக நிற்கிறது. அது கடையைப் பார்த்துத் திரும்புகிற நொடிக்காக இருபது நிமிஷம் சாக்கடை ஓரத்தில் குத்தவைத்திருந்தேன். மரியசெல்வம் அந்தப் படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். பொறுமை, நகைச்சுவை, அண்ணாச்சிக்கே உரிய கண் என்றெல்லாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று முறை படித்தேன்.

இவரிடம் காட்டினேன். யார் எடுத்தது என்றார். நீங்கள்தான் என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. இது போதும் எனக்கு. பாராட்டு இவருக்குத்தான், நான் வெறும் கை.

ஆனால் அந்தச் சாக்கடை ஓரத்தில் இருந்த இருபது நிமிஷமும் இவர் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை.

ஜனவரி 30, வியாழன்

காஜா வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு. உள்ளே விட முடியவில்லை. இவர் அப்போதுதான் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அலமாரியோடு பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்குக் காய்ச்சல், தூங்குகிறார் என்று கம்பிக்கதவுக்கு உள்ளே நின்றபடியே சொன்னேன். நான் தாழிட்டு வைத்த உள்ளறைக்குள்ளிருந்து இவர் கதவைத் தட்ட ஆரம்பித்தார். காஜா எட்டிப் பார்த்தார். டி.வி. சத்தம் என்றேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அந்த மனுஷனை அனுப்பினேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் இதுவரை இப்படித் திரும்பிப் போனதில்லை. அவமானமாக இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

தூங்குவதற்கு ராத்திரி அரை மாத்திரை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். விடியற்காலையில் இன்னொரு அரை கொடுத்தால் ஒன்பது மணி வரை அசைவதில்லை. அந்த நேரத்தில்தான் நல்ல வெளிச்சம். டாக்டரிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும்.

உளுந்து தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்த வாரம் 'நிழல்'. ஒரு வாரமாகத் தெருவில் மனுஷர்களையே பார்க்கவில்லை, நிழலைத்தான் பார்த்தேன். விடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஆளின் நிழல் தெருவை முழுக்கக் கடந்து எதிர்ச் சுவரில் ஏறுகிறது. பள்ளிக்கூடம் கூடுகிற நேரத்துக்குள் ஒன்றரை ஆள் நீளத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அறுபத்தோரு வயது வரைக்கும் இது என் கண்ணில் படவே இல்லையே. இவர் இத்தனை வருஷமும் இதையா பார்த்துக்கொண்டு திரிந்தார்? சாப்பிட வாருங்கள் என்று நான் கூப்பிடக் கூப்பிட மாடியிலேயே நின்றது இதற்காகவா?

அதைக் கேட்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா எப்போது வருவாள் என்று என்னிடம் கேட்டார். அவருடைய அம்மா செத்து இருபது வருஷம் ஆகிறது. அதைச் சொன்னால் இப்போதுதான் செத்த மாதிரி அழுவார். சாயங்காலம் வருவார்கள் என்று சொன்னேன்.

எனக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல் இருக்கிறது. யாரிடம் பேசினாலும் விஷயம் நயினார் காதுக்குப் போய்விடும்.

பிப்ரவரி 15, சனி

'கூட்டம்'. நாளைக் காலை டவுன் சந்தைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். குழுவில் எல்லாரும் நாளைக்குத்தான் கிளம்புகிறார்கள், ஆளுக்கொரு பக்கம். யார் கண்ணிலும் படாமல் எடுத்துவிட்டு வர வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காணவில்லை. ஒன்பது மணிக்கு வந்தேன். வீட்டில் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆறு மணிக்கு அரை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். படுத்துக்கொண்டார். முன்கதவைப் பூட்டினேன். சந்தையில் ஏழரைக்கே ஒரு நல்ல படம் கிடைத்துவிட்டது. அதோடு வந்திருக்கலாம். இன்னும் ஒன்று, இதைவிட நன்றாக ஒன்று என்று நின்றேன். வந்து பார்த்தால் கொல்லைக் கதவின் மேல் தாழ்ப்பாள் திறந்து கிடக்கிறது, அதற்குக் கீழே ஸ்டூல். பரணில் கிடந்த பழைய பிலிம் கேமராவும் இல்லை. பிலிம் போட்டுப் பதினைந்து வருஷம் ஆன கேமரா அது.

தெருத் தெருவாக ஓடினேன். ரயில்வே கேட், கோயில், பால் பூத். ஒருவரும் பார்க்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, சமீபத்தில் எடுத்த போட்டோ ஒன்று கொடுங்கள் என்றார். நான் கேமராவைத் திறந்தேன். பூனை வால், சேலை, நாய், நிழல், சந்தை. அந்தக் கார்டில் எண்ணூறு படம் இருக்கிறது. ஒன்றில்கூட அவர் இல்லை. வீட்டிலிருந்து எடுத்துப் போகலாம் என்றால், கடைசியாக எடுத்தது தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன அன்று மாலையோடு எடுத்தது. பெரிய மீசை, நிறைந்த கன்னம். இப்போது நான்தான் சவரம் செய்துவிடுகிறேன், மீசையை எப்போதோ எடுத்துவிட்டேன், ஆளும் பாதியாகிவிட்டார். அந்தப் படத்தைக் காட்டினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. இந்த ஆறு வாரத்தில் நாயைக்கூட எடுத்தேன், அவரை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும் என்று எடுக்கவில்லை. யாருக்குத் தெரிந்துவிடும்? எனக்குத்தான்.

வேறு வழியில்லாமல் மரியசெல்வத்துக்குப் போன் செய்து, அண்ணாச்சியைக் காணவில்லை என்றேன். அவர் சிரித்தார். படம் எடுக்கப் போயிருப்பார், வந்துவிடுவார் என்றார்.

"நான் காலைல பாத்தேன்க்கா. எட்டு மணி வாக்குல ஆத்துப் பாலத்துல கைப்பிடிச் சுவரு கிட்ட நின்னுகிட்டிருந்தாவ. கேமராவ கண்ணுல வச்சிருந்தாவ. கண்ணுல கேமரா இருக்கப்ப யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு அண்ணாச்சிதான எங்களுக்குச் சொல்லித் தந்தாவ. அதான் வண்டிய நிறுத்தல."

அவர் நிறுத்தியிருப்பார். வாராவாரம் படம் வராமல் இருந்திருந்தால், அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று என்று நிறுத்தி இறங்கியிருப்பார். நான் அனுப்பிய ஐந்து படமும் சேர்ந்துதான் அவரை நிறுத்தாமல் போகச் செய்தது.

அதற்கு மேல் மறைக்க என்னிடம் தெம்பு இல்லை. சொல்லிவிட்டேன்.

"அவங்களுக்கு ரெண்டு வருஷமா ஞாபகம் இல்ல, செல்வம். வீட்டு வாசலே தெரியாது. அந்தப் படமெல்லாம் நான் எடுத்தது."

உடனே கிளினிக்குக்கு வாருங்கள் அக்கா, எல்லாரையும் வரச் சொல்கிறேன் என்றார்.

பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் காலையில் ஊர் முழுக்கக் கூட்டத்தைத் தேடித் தேடி எடுத்தவர்கள். யாராவது ஒருவர் படத்தின் ஓரத்தில் அண்ணாச்சி இருக்கலாம், போடத் தகுதியில்லை என்று ஒதுக்கிய படங்களையும் பார்ப்போம் என்றார் மரியசெல்வம். பல் பிடுங்குகிற அறைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கார்டாகப் போட்டுப் பார்த்தோம். ஆயிரக்கணக்கான தலைகள். காஜா எடுத்ததில் இவர் இருந்தார். வண்ணார்பேட்டைச் சாலையில் வாழைத்தார் லாரியைச் சுற்றி ஒரே கூட்டம். அதற்குப் பின்னால், ரோட்டோரத்தில், வெள்ளை வேட்டி, கழுத்தில் கேமரா. குனிந்து நடக்கிறார். காஜா லாரியைத்தான் பார்த்திருக்கிறார், இவரைக் கவனிக்கவில்லை.

படத்தில் நேரம் ஏழு இருபது என்று இருந்தது. ஏழு இருபதுக்கு வண்ணார்பேட்டை, எட்டு மணிக்குப் பாலம். அப்படியென்றால் பாலத்தைக் கடந்து, எங்கள் வீடு இருக்கிற ஜங்ஷன் பக்கம் திரும்பி வந்திருக்கிறார் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஜங்ஷன், டவுன், ரத வீதிகள் என்று பைக்கில் பிரிந்து போனார்கள். பாலத்துக்குக் கீழே ஆற்றில் இறங்கியும் தேடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, என்னைத் திரும்பக் கிளினிக்கில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமீபத்தில் எடுத்த போட்டோ என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். எவ்வளவு மெலிந்துவிட்டார். பின்கழுத்தில் எலும்பு தெரிகிறது. வேட்டியை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தினமும் பக்கத்தில் இருந்தும் இதை நான் பார்க்கவில்லை. அப்புறம் அவர் காலடியைப் பார்த்தேன். நிழல் ஒன்றரை ஆள் நீளம்தான் இருந்தது.

ஏழு இருபதுக்கு நிழல் அப்படி இருக்காது. அந்த நேரத்தில் நிழல் ரோட்டையே கடந்து அந்தப் பக்கம் விழுந்திருக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க நான் அதைத்தானே பார்த்துத் திரிந்தேன். காஜாவுக்குப் போன் செய்து, இந்தப் படம் ஏழு மணிப் படம் இல்லை, ஒன்பது மணிக்குப் பக்கத்தில் எடுத்தது, யோசித்துப் பாருங்கள் என்றேன். ஒன்பது மணிவாக்கில்தான் அங்கே போனதாக ஞாபகம், படத்தில் இருக்கிற நேரத்தைப் பார்த்ததும் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று இழுத்தார். அவர் குரல் மாறியது.

"மைனி, என் கேமரா துபாய் நேரத்துலயே கெடக்கு. ஊருக்கு வந்து நான் மாத்தவே இல்ல. ஒன்றரை மணி நேரம் பிந்தி."

முதலில் பாலம். அப்புறம்தான் வண்ணார்பேட்டை. அவர் வீட்டைப் பார்த்து வரவே இல்லை, கிழக்கே போய்க்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் பகல் முழுக்க அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேடியிருக்கிறோம்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், கே.டி.சி. நகர் தாண்டி தூத்துக்குடி ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் இருப்பதாகக் கிழக்கே தேடப் போனவர்களிடமிருந்து தகவல் வந்தது. காரில் என்னைக் கூட்டிப் போனார்கள். லாரி டயர் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. செருப்பு இல்லை. உள்ளங்கால் கிழிந்து கறுப்பாக ரத்தம் காய்ந்திருந்தது. உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன்.

அவர் என்னைப் பார்த்தார். டீ கொட்டியது. எழுந்து காஜாவின் பின்னால் போய் நின்று, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்த அம்மாகிட்ட என்னைய விட்டுராதீங்க. பூட்டிப் போட்டுருவாவ. அடிப்பாவ."

காஜா அதைக் காதால் கேட்டார். மரியசெல்வம் கேட்டார். பஞ்சர் கடைக்காரரும் கேட்டார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவருக்குப் புத்தி சரியில்லை, உளறுகிறார் என்று நான் சொல்லியிருக்கலாம், எல்லாரும் நம்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு ஞாபகம் இருக்கிற ஒன்றிரண்டு விஷயத்தில் நான் பூட்டுகிறவளாக, அடிக்கிறவளாக இருக்கிறேன்.

காரில் முன்சீட்டில் காஜாவோடு உட்கார்ந்து வந்தார். நான் பின்னால் இருந்து அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்று காலை படுக்கையை உதறியபோது தலையணைக்கு அடியில் மூன்று அரை மாத்திரைகள் கிடந்தன. துப்பித் துப்பி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நயினாருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அடித்ததையும் சொன்னேன். அவன் திட்டவில்லை. கிளம்பி வருகிறேன் என்றான்.

மரியசெல்வம் கால் கட்டு மாற்ற ஆள் அனுப்பினார். அந்த ஐந்து படத்திலும் அண்ணாச்சி பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், போட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்றேன்.

எடுத்துவிடுங்கள் என்று சொன்னபோது, நாய் படத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லலாமா என்று தோன்றியது. வெட்கங்கெட்ட மனசு.

பிப்ரவரி 20, வியாழன்

நயினார் வந்துவிட்டான். அப்பா அவனைத் தபால் ஆபீஸ் சிநேகிதர் என்று நினைத்துக்கொண்டு பேசினார். அவன் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னான், அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான், வெகுநேரம் வெளியே வரவில்லை. கம்பிக்கதவில் தொங்குகிற பூட்டைப் பார்த்தான். அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தான். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ரெண்டு வருஷம் நீ எங்கேடா இருந்தாய் என்று கேட்க எல்லா வார்த்தையும் தயாராக வைத்திருந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நீயே சொல்லும்மா. நீ என்ன சொன்னாலும் அதச் செய்வோம்" என்றான்.

இவரை வைத்துக்கொள்வேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்னால முடியலடா. கூட்டிட்டுப் போயிரு."

சொன்னவுடன் எனக்கு நிம்மதியாக இருந்தது. துக்கம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது நிம்மதி. கால்வலிக்காரி பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த மாதிரி ஒரு நிம்மதி. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரை அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டு மத்தியானம் நான் தூங்கினேன். எழுந்து அதை நினைத்துத்தான் அழுதேன்.

இல்லத்தில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஒரு மாதம் வீட்டு ஆட்கள் பார்க்க வர வேண்டாமாம், அவர்களுக்கு இடம் பழக வேண்டுமாம். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் பயப்படாமல் இருப்பாரா என்று அவர்களிடம் கேட்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

உடுப்புகளுக்கெல்லாம் உள்பக்கம் அவர் பெயரைத் தைத்தேன். பி மட்டும் போதும் என்றான் நயினார். முழுப் பெயரும் தைத்தேன்.

இல்லத்துக்கு இப்போதைய போட்டோ ஒன்று வேண்டுமாம். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போகலாம் என்றான். அங்கே விளக்கைப் பார்த்து மிரண்டால் என்ன செய்வது, நானே எடுக்கிறேன் என்றேன். கொல்லையில் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் தொங்கவிட்டு, முன்னால் நாற்காலி போட்டேன். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. நயினார்தான் கைபிடித்துக் கூட்டி வந்து உட்காரவைத்தான். நான் கிட்டே போகவில்லை, போனால் எழுந்து ஓடிவிடுவாரோ என்று எட்டியே நின்றேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

கேமராவைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. காலரைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை. கொஞ்சம் எரிச்சல்தான் இருந்தது, தொழில் தெரியாதவர்களைப் பார்த்தால் வருமே அந்த எரிச்சல்.

"வெளிச்சம் எனக்குப் பின்னால இருக்கும்மா. மூஞ்சி கருத்துப் போயிரும். இந்தப் பக்கமா வந்து நில்லுங்க."

அவர் சொன்ன பக்கம் போய் நின்றேன். நயினார் நாற்காலியைத் திருப்பிப் போட்டான். கேமராக் கண்ணாடிக்குள் அவர் முகம் நிறைந்தது. கன்னம் ஒட்டியிருக்கிறது, நான் சவரம் செய்ததில் தாடையில் ஒரு கீறல், இடது புருவத்தில் ரெண்டு வெள்ளை முடி. இந்த முகத்தைத்தான் பார்க்கக் கூடாது என்று ஊரெல்லாம் ஓடினேன். நல்ல முகம்தான். நாலைந்து தடவை அழுத்தினேன்.

முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். எழுந்து, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"படத்த எப்ப வந்து வாங்கிக்கிடட்டும்?"

திங்கட்கிழமை தருகிறேன் என்றேன்.